திராவகம் பட்ட கை

விடிந்தும் விடியாததுமாக அடுக்களையில் பித்தளைக் குடம் உருண்டது. தானாக உருளவில்லை; மாமியார் வடிவம்மாள் காலால் எத்தியிருந்தாள். கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலுக்குப் போய்க்கொண்டிருந்த தங்கத்தாய் அப்படியே நின்றுவிட்டாள். இன்றைக்குத் தப்ப முடியாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

முந்தின நாள் சாயங்காலம் அச்சன்புதூரிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வேண்டாமாம். முதலில் பார்த்தபோது கன்னத்தில் கருந்திட்டாக மங்கு இருக்கிறது, அது போனால் பரிசம் போடலாம் என்றார்கள். இப்போது முகமே திட்டுத் திட்டாகக் கறுத்துக் கிடக்கிறதே, இது என்ன வியாதியோ என்கிறார்கள். பெண் வேறு யாருமில்லை, வடிவம்மாளின் ஒரே மகள் தங்கபுஷ்பம். பதினேழு வயது. தங்கத்தாய் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது புஷ்பத்துக்கு ஏழு வயது. அன்றைக்குப் பிடித்த முந்தானையை இன்னும் விடாதவள்.

"ஏட்டி, எம்மவ முகத்தைத் தீய்ச்சவளே! வாசல்ல கோலம் ஒரு கேடா ஒனக்கு? ஒன் வயித்துல ஒண்ணு தங்கல... அந்தப் பொறாமைல எம்பிள்ளை வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே!"

"அத்தை... நானா செஞ்சேன்?"

"பின்ன யாரு? திராவகம் வைக்கக் கூட்டிட்டுப் போனது நீதான?"

கூட்டிப் போனது அவள்தான். அதை அவள் எங்கும் மறுக்கவில்லை. ஆனால் போகச் சொன்னது யார்? ஆனி மாதம் குற்றாலத்தில் சாரல் விழுந்ததும், பங்களா எடுத்துத் தங்கும் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா திராவகம் தடவி மேல்தோலை உரித்து மங்கு எடுக்கிறாளாம் என்று கேள்விப்பட்டு வந்தது அவள் புருஷன் சுந்தரபாண்டியன். அப்படியென்றால் உடனே போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது இதே வடிவம்மாள். இரண்டு பேருக்கும் அது இப்போது மறந்துவிட்டது. பழி போட ஆள் கிடைத்த பிறகு ஞாபகம் எதற்கு?

டாக்டரம்மாவின் கம்பவுண்டர் காஜா மூன்று விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். "பத்து நாளைக்கு மூஞ்சில தண்ணி படக்கூடாது. வெயில் படக்கூடாது. தோலு கருகி, ஓடு மாதிரி ஆவும். அதைக் கையால பிய்க்கக்கூடாது, தானா உதிரணும். பயப்படாதீங்கம்மா, அடியில புதுத்தோலு இருக்கும்." மூன்றையும் தங்கத்தாய், கூட வந்து தங்கியிருந்த மாமியாரிடம் வார்த்தை பிசகாமல் ஒப்பித்தாள். குற்றாலத்தில் பிடித்திருந்த வாடகை வீட்டு அறையில் சன்னலைச் சாத்தி, புஷ்பத்தின் பக்கத்திலேயே மூன்று நாள் விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். நாலாம் நாள், வயலில் நடுகைக்கு ஆள் இறங்குகிறது, கஞ்சி காய்ச்ச வீட்டில் ஆளில்லை என்று தென்காசியிலிருந்து புருஷன் வண்டி அனுப்பினான். போனாள். மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தபோது புஷ்பத்தின் முகம் பச்சைப் புண்ணாகச் சிவந்திருந்தது. தலைமுடியில் ஈரம்.

"சாரல்ல நனைஞ்சிட்டா. தோலு தானா உரிஞ்சிட்டு," என்றாள் வடிவம்மாள். புஷ்பம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தங்கத்தாய் மேற்கொண்டு கேட்கவில்லை. அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும் என்று ஒரு மாதமாக அவள் தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாள்.

"என்ன காலங்காத்தால கூச்சல்?" என்று வந்தான் சுந்தரபாண்டியன். அவன் முகமே சரியில்லை. ஊருக்கு முன்னால் தலைகுனிந்த மனிதனுக்குக் கோபத்தைக் காட்ட வீட்டில் ஓரிடம் வேண்டும் அல்லவா!

"நீயே கேளு, ஐயா! இந்த வீட்டுல ஒண்ணு இவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

அவன் கேட்கவெல்லாம் இல்லை. நேரே உள்ளே போய் தங்கத்தாயின் தகரப்பெட்டியைத் தூக்கி வந்து ரத வீதியின் நடுவில் எறிந்தான். பெட்டி திறந்து, கல்யாணச் சேலை புழுதியில் விழுந்தது. எதிர்வீட்டுப் பாலம்மாள் வாளியும் கையுமாக நின்றுவிட்டாள். கோயிலுக்குப் போகிறவர்கள், பால் கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் நின்றார்கள்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க!" என்று அவன் தெருவுக்கே கத்தினான். "கூடப்பொறந்தவ மாதிரி இருந்த பிள்ளை மூஞ்சில திராவகத்தை ஊத்துன பாவி இவ! இவளுக்கும் எனக்கும் இனி ஒட்டுமில்ல, ஒறவுமில்ல!"

தங்கத்தாய்க்கு அழுகை வரவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பத்து வருஷத்தில் இந்த வீட்டில் அவள் அழாத நாள் குறைவு. குழம்பில் உப்பு கூடினால் அழுதிருக்கிறாள், மலடி என்று சொன்னபோதெல்லாம் அழுதிருக்கிறாள். இப்போது உள்ளங்காலிலிருந்து ஏறியது கோபம்! சுத்தமான, கொதிக்கிற கோபம்.

"என்னத்தை மொறைக்க? வெளிய போட்டி!" என்று அவள் கையைப் பற்றி வெளியே இழுத்தான். முழங்கை வரை இருந்த ரவிக்கைக் கை தையல் விட்டுக் கிழிந்தது.

அவன் பிடி தளர்ந்தது. அவளுடைய மேல்கையின் உட்பக்கம், ஒரு வெற்றிலை அகலத்துக்குத் தோல் சுருங்கி, கறுப்பும் வெளுப்புமாக ஆறிய தழும்பு!

"இது... என்னதுட்டி இது?"

பதில் சொன்னது உள்ளேயிருந்து ஓடிவந்த தங்கபுஷ்பம். ஒரு மாதமாக முற்றத்துக்குக்கூட வராத பெண், முக்காடில்லாமல், கறுத்த முகத்தோடு தெருவில் வந்து நின்றாள்.

"அண்ணே, மதினி மேல இருந்து கையை எடு! அது எனக்காகப் பட்ட புண்ணு! டாக்டரம்மா திராவகத்தை எடுத்ததும், 'மொதல்ல என் கையில போட்டுப் பாருங்க, பிள்ளைக்கு அப்புறமா'ன்னு மதினிதான் கையை நீட்டினாவ. அது வெந்து கொப்புளமான பெறவுதான், இது ரொம்பக் காரம்னு மருந்தைத் தண்ணி பண்ணி எனக்கு வச்சாங்க. மதினி கை கொடுக்கலேன்னா என் மூஞ்சியே இருந்திருக்காது அண்ணே..!"

"அப்ப ஒன் முகம் எப்படி இப்படி ஆச்சு?"

"ஏ புஷ்பம்! குலசாமி மேல சத்தியம் பண்ணியிருக்கே... வாயை மூடு!" என்று வடிவம்மாள் அலறினாள்.

"மூட மாட்டேன்! அந்தக் குலசாமி மாடசாமியே என்னைக் கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிடுதேன்!" புஷ்பம் அண்ணன் பக்கம் திரும்பினாள். "மதினி தென்காசிக்கு வந்த அன்னைக்கு, குற்றாலம் வந்துட்டு அருவில குளிக்காமலா, தண்ணி பட்டா எல்லாச் சூடும் எறங்கிரும்னு சொல்லி, நல்லெண்ணெயைத் தேச்சு, பயத்தமாவைப் போட்டு, அந்தத் தோலையெல்லாம் உருவி எடுத்தது நம்ம அம்மை! ஐந்தருவில கொண்டு நிப்பாட்டினா. மூஞ்சில தண்ணி விழ விழ உயிரு போச்சு அண்ணே... அன்னைக்குன்னு பாத்து சாரலும் இல்ல. தலை காயட்டும்னு வெயில்ல பாறை மேல உக்கார வச்சா. யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினா."

வடிவம்மாள் நிலைப்படியில் சரிந்து உட்கார்ந்தாள். "பெத்த மக முகம் கருகிக் கெடக்கதை எப்படிப் பாத்துக்கிட்டு இருப்பேன்? அருவித் தண்ணி கெடுதல் செய்யும்னு யாருக்குத் தெரியும்? நான் வேணும்னா செஞ்சேன்..."

"வேணும்னு செய்யல, அத்தை," என்றாள் தங்கத்தாய். அன்றைக்கு அவள் உரக்கப் பேசிய முதல் வார்த்தை அதுதான். "அருவிக்குக் கொண்டு போனது பாசத்துல. அதை நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா இந்த ஒரு மாசமா பழியை எந்தலையில வச்சீயளே, அது தெரிஞ்சுதான செஞ்சிய? மலடி, மலடின்னு சொன்னது தெரிஞ்சுதான சொன்னிய?"

சுந்தரபாண்டியன் குனிந்து சேலையை எடுத்து, புழுதியைத் தட்டினான்.

"சரி... நடந்தது நடந்துபோச்சு. தெருவுல நிக்காண்டாம். உள்ள வா," என்றான், அவள் காதுக்கு மட்டும்.

தங்கத்தாய் சேலையை அவன் கையிலிருந்து வாங்கினாள். மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். பெட்டியை மூடினாள். பிறகு ரத வீதியின் நடுவிலேயே அந்தப் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"என்னட்டி இது... ஆளுவ பாக்காவ!"

"அப்பவும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாவ. என்னைப் பாவின்னு நீங்க எங்கன வச்சுச் சொன்னிய? அடுக்களையிலயா? தெருவுல! இல்லன்னும் தெருவுலதான் சொல்லணும். சொன்னா உள்ள வாரேன். முடியாதுன்னா வண்டி பூட்டுங்க, எங்க அப்பா வீட்டுக்குப் போறேன். இந்தப் பிள்ளையையும் கூட்டிட்டுத்தான் போவேன்."

"ஆமா, நானும் போவேன்," என்று புஷ்பம் பெட்டியோரம் புழுதியிலேயே உட்கார்ந்து, மதினியின் தழும்பு மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு விம்மினாள். தங்கத்தாய் அவளை அணைத்துக்கொண்டாள். இப்போதுதான் அவளுக்குக் கண் நிறைந்தது.

"அழாத, தாயி. கறுப்பு பைய மாறும், மாறாட்டா போவுது. ஒன் முகத்துல இனி ஒருத்தரும் எதையும் தடவ விடமாட்டேன். ஒன்னை ஒன் முகத்தோட கட்டுதவன் கட்டட்டும்."

சுந்தரபாண்டியன் வீட்டைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான். ஒரு ஆள்கூட நகரவில்லை. பாலம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். மாமியார் நிலைப்படியிலிருந்து எழுந்து, தள்ளாடி வந்து, மருமகளுக்கு எதிரே நின்றாள்.

"சொல்லுலே, ஐயா," என்றாள் வடிவம்மாள் மகனிடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீ சொல்லு. அடுத்தாப்புல நான் சொல்லணும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுத்தான்.

"எம் பொண்டாட்டி மேல தப்பில்ல..."

தங்கத்தாய் பெட்டியிலிருந்து அசையவில்லை.

"கேக்கல," என்றாள். "அப்ப சொன்ன மாதிரி, கத்திச் சொல்லுங்க."