விலக்கில்லா வானம்

புளியந்தோப்பு வானில் உரிமம் இல்லாத ட்ரோன் பறப்பான் ஒன்று ஏறியதை வான்காவலன் ஏழே நொடியில் கண்டுபிடித்தது. வான்வழி ஒழுங்கு அலுவலகத்தின் திரையில் சிவப்புப் புள்ளி ஒன்று மின்னியது. வீட்டில் செய்த பறப்பான்களின் கட்டுப்பாட்டைப் பறித்து, ஆளில்லாத இடத்தில் பூப்போல இறக்கிவிடும் தானியங்கி அமைப்புதான் வான்காவலன்.

அதே சமயம் தலைமை அதிகாரி தமயந்தியின் கைபேசி அடித்தது. கணவர் ஜெயசீலன்.

"தமா... இன்ஹேலர் தீந்துடுச்சு." மூச்சு இழுத்தது. தெருவில் கழுத்தளவு மழைத் தண்ணீர். மீட்புப் படகு வர ஒரு மணி நேரமாகும் என்றிருந்தார்கள். "மருந்துக்கடை ரெஜினா, அவ செஞ்ச பறப்பான்ல அனுப்புறா. அதை மட்டும் விடச் சொல்லு."

தமயந்தி விலக்குக் கோரிக்கையைத் தட்டினாள். 'விதி மூன்று. எவருக்கும் விலக்கு இல்லை' என்றது திரை.

"மெயின் கரண்டை நிறுத்திடலாமா மேடம்?" என்றார் பொறியாளர் கோதண்டம்.

"வான்காவலன் கோபுரம் ஒவ்வொண்ணும் தனி பேட்டரில ஓடுது. நான்தான் அப்படிக் கேட்டு வாங்கினேன்."

ஆறு வருடத்துக்கு முன், மொட்டை மாடியில் விளையாடிய அவர்கள் மகள் இதழினியின் தலையில் ஒரு பறப்பான் விழுந்தது. செல்வாக்குள்ள யாரோ சொல்லி விலக்கு வாங்கிய பறப்பான். மகளை அடக்கம் செய்த மறுமாதமே தமயந்தி மூன்றாவது விதியை எழுதினாள். வரைவை முதலில் படித்தவர் ஜெயசீலன். "மனுஷன் கைக்கே எட்டாத மாதிரி எழுது" என்று சொன்னவரும் அவர்தான்.

"சத்தம் கேக்குது தமா, பக்கத்துல வந்துடுச்சு" என்றார் இப்போது.

திரையில் சிவப்புப் புள்ளி வேறு பக்கம் திரும்பிவிட்டிருந்தது.

"ஆமாங்க, வந்துட்டே இருக்கு. மெதுவா மூச்சு விடுங்க."

"தூரமா போற மாதிரி..."

"இல்லங்க. வருது. நான் பாத்துட்டுதான் இருக்கேன்."

பறப்பான் முந்நூறு மீட்டர் தள்ளி, ஒரு பள்ளிக்கூட மாடியில் கீறல்கூடப் படாமல் இறங்கியது. மறுமுனையில் இழுப்புச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. அழைப்பைத் துண்டிக்காமல், படகு போய்ச் சேரும்வரை தமயந்தி பேசிக்கொண்டே இருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து ரெஜினா விசாரணைக்கு வந்தாள். வான்காவலன் தானாக எழுதிய அறிக்கையைப் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குவது தமயந்தியின் வேலை. பாதியில் அவள் தாளைக் கீழே வைத்தாள். ரெஜினா அதை எடுத்து மீதியைப் படித்தாள்.

"'உயிர்ச்சேதம் எதுவும் இல்லை'... என்னக்கா இது? அண்ணன் செத்துப் போயிருக்காரு. இந்தச் சட்டத்தைத் தூக்கிப் போடச் சொல்லுங்க!"

"அதுக்குத்தான் நேத்து எழுத உக்காந்தேன்."

"எழுதிட்டீங்களா?"

இல்லை என்று தமயந்தி தலையை அசைத்தாள். "நான் வேலைக்கு வந்தப்போ மாசத்துக்கு ஒரு குழந்தையாவது அடிபடும். ஆறு வருஷமா ஒரு குழந்தை மேலயும் எதுவும் விழல ரெஜினா."

தமயந்தி பேனாவை ரெஜினா பக்கம் நகர்த்தினாள். அழுதுகொண்டே ஒருத்தி கையெழுத்துப் போட, அழுதுகொண்டே இன்னொருத்தி முத்திரை வைத்தாள்.