உத்தரத்துக்கு ஒரு ஆள்

“ஆளை நீங்களே குடுத்துட்டா கூலியில பாதி மிச்சம், தங்கச்சி. இதுக்கு மேல என்னால இறங்க முடியாது. எனக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்கு.”

“எத்தனை ஆள் வேணும்ணே?”

“ஒரு ஆள் போதும். கலவை குழைக்கணும், சட்டி எடுத்துக் குடுக்கணும். நல்ல ஆளா இருக்கணும். பாதியில ஓடிப்போற ஆளா இருக்கக் கூடாது.”

“ஆள் நாங்க தரோம்” என்றாள் அவள், பக்கத்தில் நின்ற கணவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மேஸ்திரி சிரித்தார். சிரித்துக்கொண்டே நடு அறைச் சுவரை, வளர்த்த மாட்டின் முதுகைத் தட்டுவது போலத் தட்டினார். “கேட்டுக்கிட்டியா? ஆள் இவங்க தராங்களாம்.”

சொட்டுச் சத்தம் நின்றது.

விடிந்ததிலிருந்து உத்தரத்தின் நுனியில் ஊறி, கீழே வைத்திருந்த வாளியில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர். வெளியே மழை கொஞ்சமும் குறையவில்லை. ஓட்டின் மேல் யாரோ கூடை கூடையாகக் கூழாங்கல்லைக் கொட்டுவது போல அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் உள்ளே, தட்டிய அந்தக் கணத்தில், சொட்டு நின்றுவிட்டது. அவள் மட்டும் கவனித்தாள். பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையில் ஒருவர் காதைத் தீட்டிக்கொள்வதற்காக மூச்சைப் பிடித்தால் எப்படித் தெரியுமோ, அப்படி இருந்தது அந்த அமைதி.

“ஆள்னா நான்தானே?” என்றான் கணவன். “அச்சாபீஸ்ல மிஷின் ஓட்டினவனைச் சித்தாளாக்கிட்டியே.”

“மிஷின்தான் மூடிக் கிடக்கே. வீட்டுல உக்காந்து விட்டத்தைப் பாத்துட்டிருந்தீங்க. இப்ப விட்டத்துக்கே வேலை பாருங்க.”

அவன் சிரித்தான். அவளுடைய நகையெல்லாம் போய், அதற்கு மேல் கடனும் சேர்ந்து வாங்கிய பழைய வீடு இது. அவன் வேலை போன பிறகு அவள் தைக்கும் உடுப்புகளில்தான் அடுப்பு எரிகிறது. இரவு பெய்த மழையில் நடு அறையின் உத்தரம் சுவரில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பிளந்து, கூரை வயிறு தள்ளினாற்போல் இறங்கிவிட்டது. இன்றைக்குள் முட்டுக் கொடுக்காவிட்டால் மொத்தமும் தலையில் வந்து உட்காரும் என்றார் மேஸ்திரி. வீடு போனாலும் கடன் போகாது. போவதற்கு வேறு இடமும் கிடையாது. அதனால்தான் அந்த அவசரம். அதனால்தான் முன்பின் யோசிக்காமல் அப்படிச் சொன்னாள்.

மேஸ்திரி இரும்பு ஜாக்கியை உத்தரத்துக்கு அடியில் நிறுத்தித் திருகினார். கணவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கலவை குழைத்தான். அவள் சட்டியை நகர்த்த வந்தபோதுதான் அந்த வாடை அடித்தது. உத்தரத்தின் அடியிலிருந்து தரை வரைக்கும் சுவரில் ஒரு விரிசல் ஓடியது. நடுவில் ஒரு கை நுழையும் அகலம். முதலில் ஈரச் சுண்ணாம்பு வாடை. அதற்கு அடியில், தூங்கி எழுந்து இன்னும் பல் துலக்காத ஒரு வாயின் வெதுவெதுப்பான வாடை. புறங்கையை விரிசலுக்கு நேரே நீட்டினாள். காற்று வெளியே வந்தது. கொஞ்சம் நின்றது. திரும்ப உள்ளே போனது.

“அண்ணே, உள்ளேருந்து காத்து வருது. சூடா வருது.”

“பழைய சுவரு தங்கச்சி. எலி குடும்பம் நடத்தும். உங்களுக்கு வாடகைதான் குடுக்காது.” சொல்லிக்கொண்டே அவர் முழங்கால் போட்டு உட்கார்ந்து, உள்செங்கல் எவ்வளவு தூரம் உளுத்திருக்கிறது என்று பார்க்க விரிசலுக்குள் கையை விட்டார். முழங்கை வரை போனது. அப்புறம் தோள் வரை. கன்னம் சுவரில் அழுந்த, கண்ணைச் சாய்த்து மேலே பார்த்தபடி துழாவினார்.

“செங்கல்லே இல்ல போலிருக்கே. ஈரமா, வழவழன்னு...”

துழாவிய தோள் நின்றது.

“தம்பி” என்றார், குரலை மிகவும் தாழ்த்தி. “சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்லண்ணே. வெறும் தோட்டம். ஏன்?”

“யாரோ என் கையைப் பிடிச்சிருக்காங்க.”

அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து முறிக்கும் ஓசை. மேஸ்திரியின் வாய் திறந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. கணவன் பாய்ந்து அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தான். அவள் கணவனின் தோளைப் பிடித்து இழுத்தாள். எதிர்ப்பக்கம் இழுத்த எதற்கும் அவசரமில்லை. நிதானமாக, ஒரே சீராக, சோற்றைப் பிசைந்து உருட்டுவது போல இழுத்தது. அவருடைய காது செங்கல் விளிம்பில் உரசிப் பிய்ந்தது. தாடை திரும்பியது. அகன்ற மார்புள்ள மனிதர், விரிசலோ கையகலம். அந்த அகலத்துக்குள் போவதற்காக அவரை மடிக்க வேண்டியிருந்தது. அது மடித்தது. விலாவெலும்புகள் ஒவ்வொன்றாக. ரத்தம் கணவனின் முகத்தில் வெதுவெதுப்பாகத் தெறித்தது. கடைசியில் கணவனின் கையில் ஒரு சட்டைத் துணிதான் மிஞ்சியது.

விரிசல் மூடிக்கொண்டது. உதட்டை மூடுவது போல.

தலைக்கு மேலே கிறீச்சென்று ஒரு நீண்ட ஓசை. கூரை உயர்ந்தது. வயிறு தள்ளியிருந்த உத்தரம் மெல்ல மெல்ல நிமிர்ந்து, பிளவு ஒட்டிக்கொண்டு, புதிதாகச் செதுக்கியது போல நேராக நின்றது. ஜாக்கி தாங்க ஒன்றுமில்லாமல் சாய்ந்து விழுந்தது. சரியாகிவிட்டது என்று அவள் மனதின் ஏதோ ஒரு மூலை நினைத்தது. அந்த நினைப்புக்காகத் தன்னையே வெறுத்தாள்.

“தங்கச்சி.”

சுவருக்குள்ளிருந்து. மேஸ்திரியின் குரல்தான். கூலி பேசியபோது இருந்த அதே நிதானம்.

“நான் மேஸ்திரி. என்னைக் கணக்குல எடுத்துக்காதாம். ஆள் நீங்கதான் தரேன்னீங்க.”

உத்தரம் மறுபடி கீழே இறங்கியது.

அவள் கதவுக்கு ஓடினாள். நிலை சாய்ந்து கதவை இறுக்கிக் கவ்வியிருந்தது. தட்டினாள், கத்தினாள். மழை எல்லாவற்றையும் விழுங்கியது. அவளுக்குப் பின்னால் கணவன் கடப்பாரையை எடுத்துவிட்டான். “அவரை விடு” என்று சுவரைப் பார்த்துச் சொன்னான், தெருவில் சண்டை போடும் ஒருவனிடம் சொல்வது போல. ஓங்கிக் குத்தினான். சாந்து உதிரவில்லை. பிளந்தது. சிவப்பாக வழிந்தது. உள்ளே மேஸ்திரி அலறினார். மறுபடி குத்தினான்.

“வேணாங்க. அவருக்குத்தான் வலிக்குது. நிறுத்துங்க.”

அவன் கையைப் பிடிக்க அவள் ஓடி வந்தாள். உத்தரத்தின் அடியில் வந்தாள். அதற்காகவே அது காத்திருந்தது போல.

இடி. புழுதி. அவள் தரையில் கிடந்தாள். முழங்காலுக்குக் கீழே காலைக் காணவில்லை, அதன் மேல் மரம் கிடந்தது. வலி இன்னும் வந்து சேரவில்லை. வாயெல்லாம் மண். புழுதிக்குள் கணவனின் பாதங்கள் தெரிந்தன. கடப்பாரையைத் தூக்கி எறிந்தான். குனிந்து உத்தரத்துக்கு அடியில் தோளை நுழைத்தான். முதுகைச் சுவரில் ஊன்றி, நரம்பெல்லாம் புடைக்கத் தூக்கினான்.

“காலை இழு. இழு, இவளே.”

இழுத்தாள். தோல் மரத்தோடு போனது. இழுத்தாள். கால் வந்தது.

“வந்துடுச்சு. விட்டுட்டு வாங்க.”

“வரேன்” என்றான். வரவில்லை.

முதுகை எடுக்கப் பார்த்தான். சட்டை வரவில்லை. சட்டைக்குள் இருந்ததும் வரவில்லை. அவன் தோளைச் சுற்றிச் சாந்து ஊறி ஏறியது. யாரோ தேர்ந்த கையால் இழுத்து, தடவி, சமப்படுத்தினார்கள். நல்ல பூச்சு. ஒரு மேடு பள்ளம் இல்லை. அவள் ஊர்ந்து போய் அவன் கையைப் பிடித்தாள். விரல்கள் அவள் பிடிக்குள் நொறுங்கின. மேஸ்திரியின் பூச்சுக் கரண்டியை எடுத்துச் சாந்தைச் சுரண்டினாள். அவன் சதை கீறி வந்தது. அவன் அலறினான். அவள் நிறுத்தினாள்.

“நான்தான் சொன்னேன்” என்றாள் சுவரிடம். “அவர் சொல்லல. வார்த்தை என்னோடது. என்னை எடுத்துக்க.”

சுவர் மூச்சு விட்டது. உள்ளே. வெளியே.

இடுப்பு போனது. மார்பு போனது. எலும்புகள் தங்களுக்குரிய இடத்தைத் தேடி நகரும் ஓசை வெகுநேரம் கேட்டது. மேலே உத்தரம் நிமிர்ந்து, சீராக, அழகாக நின்றது. கூரையில் ஒரு கீறல்கூட இல்லை.

முகம் மட்டும் மிச்சம். நெற்றியிலிருந்து தாடை வரைக்கும், சுவரில் ஒட்டிவைத்த முகமூடி போல. காதுகள் இல்லை. இமைகளின் ஓரம் சாந்தோடு சேர்ந்து இழுபட்டிருந்தது. கண்ணை மூட முடியவில்லை. மழை விட்டிருந்தது. ஜன்னல் வழியாக வந்த மாலை வெயில் நேராக அந்தக் கண்களில் விழுந்தது. அவை வறண்டு, சிவந்து, அவளைப் பார்த்தன.

“இவளே.”

“இருக்கேங்க. இங்கேதான் இருக்கேன்.”

“இப்ப வலி இல்ல. வெளிச்சம்தான் குத்துது. தாங்க முடியல.” உதட்டின் ஓரத்தில் வெள்ளைத் தூள் உதிர்ந்தது. “சட்டியில கலவை மிச்சம் இருக்கும். இறுகறதுக்குள்ள வந்து, கண்ணை மட்டும் பூசி விட்டுடேன்.”