இருக்குதுங்க

ஆயிரக்கணக்கான பூநாரைகள் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன. அவற்றில் ஒன்றுகூடத் தலையைத் தண்ணீருக்குள் விடவில்லை.

சந்தை நிறையக் கூட்டம் நின்றும் ஒரு கையும் சரக்கைத் தொடாவிட்டால் கடைக்காரன் விழிப்பானே, அப்படி விழித்தான் ஞானதாஸ். ஏரிக்கு அவன் புதியவன் அல்ல. பூநாரை என்றால் அலகைத் தலைகீழாகச் சேற்றில் கவிழ்த்து, காலால் மிதித்து மிதித்துக் கலக்கி, நாளெல்லாம் சப்பிக்கொண்டே இருக்கும். பழவேற்காட்டுத் துணித் தரகர்களைப் போல வாய்க்கு ஓய்வே கிடையாது. இன்று அத்தனை கழுத்துகளும் நிமிர்ந்து, ஒரே பக்கம் திரும்பி, சத்தமில்லாமல் நின்றன. விடிந்து இரண்டு நாழிகை ஆகியும் தை மாதப் பனி ஏரியை விட்டு எழுந்திருக்கவில்லை. வெயில் எங்கேயோ அதற்குள் ஊறிப்போக, தண்ணீரும் வானமும் ஒரே கஞ்சி நிறத்தில் ஒட்டிக் கிடக்க, சேற்று வாடையும் அழுகிய பாசியின் புளிப்பும் உப்பும் கலந்து நாக்கின் அடியில் வந்து உட்கார்ந்தன. தோணிக்காரனின் கோலிலிருந்து விழும் சொட்டுகள் மட்டும் ஒவ்வொன்றாகக் காதில் கேட்டன.

தோணியின் முனையில் குந்தியிருந்த யாகோப் துரைக்கு இதெல்லாம் தெரியவில்லை. ஒல்லாந்திலிருந்து கப்பலில் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஒல்லாந்தர் கோட்டைக்குள் கிடங்குக்கும் கணக்கறைக்கும் நடுவே வெந்துகொண்டிருந்த இளைஞன். மதில்மேலிருந்து தினமும் பார்த்த அந்தப் பூநாரைகளின் சிவப்பு வரிசையைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். சுடுவதற்கு அல்ல, சும்மா பார்ப்பதற்கு. அதைக் கேட்டுக் கோட்டையே சிரித்தது. புது ஆளைத் தனியாக ஏரிக்கு விட மாட்டார்கள், யாராவது பிணை நிற்க வேண்டும் என்றபோது, மொழிபெயர்க்கும் துபாஷி வேலைக்கு ஒரு துரையின் தயவு நாளைக்கு உதவும் என்று ஞானதாஸ் முந்திக்கொண்டான். வாசல் காவலில் நின்று மூன்று பாஷையில் சொல்லிக் கையெழுத்தும் போட்டான்: போன ஆள் வராவிட்டால், அவருக்குப் பதில் என் கழுத்து.

"துபாசியாரே," என்றான் பின்னால் நின்று கோல் போட்ட தெய்வசிகாமணி. குரலை மிகவும் இறக்கியிருந்தான். "இத்தோட போதும். துரை இங்கருந்தே பாத்துக்கட்டும். எறங்க வேணாம்."

"ஏன்யா?"

"தடவுறதுங்க இருக்குதுங்க."

ஞானதாசுக்குச் சிரிப்பு வந்தது. ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர்களை அவனுக்குத் தெரியும். கழுத்தளவு தண்ணீரில் குந்தி, சேற்றில் இரண்டு கையாலும் துழாவி, அகப்படுவதைப் பறியில் போடுவார்கள். கை இரண்டும் வேலையில் இருப்பதால் அந்த ஓலைப்பையின் வாயைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். வலை போடும் சிகாமணியின் ஆட்களுக்கு அவர்கள் ஒரு படி கீழே. ஆகவே 'இருக்காங்க' என்று வாயில் வராது. ஆடு மாட்டைச் சொல்வதுபோல 'இருக்குதுங்க'தான்.

"இருந்தா இருக்கட்டுமே. அவங்களும் ஜனங்கதானே? உன் தோணியில வந்து உக்காந்துக்கப் போறாங்களா?"

"அட, அதில்ல துபாசியாரே. பேஜாரு வேணாம்."

முடியாது என்பது ஞானதாஸ் வளர்ந்த தரகர் தெருவில் முதல் விலை. ஆள் கூலியை ஏற்றப் பார்க்கிறான் என்று முடிவு கட்டிக்கொண்டான்.

துரை திரும்பி, தோணிக்காரன் என்ன சொல்கிறான் என்று பறங்கிப் பாஷையில் கேட்டார். இறால் பிடிக்கிற ஏழைகள் தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறார்களாம், மிதித்துவிடப் போகிறீர்கள் என்று பயப்படுகிறான் என்றான் ஞானதாஸ். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பார்த்து நடக்கிறேன் என்று சொல் என்றார். பூட்சைக் கழற்றி, கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டி, தோணியிலிருந்து இறங்கினார். தண்ணீர் அவர் முழங்காலைக்கூடத் தொடவில்லை.

அவருக்குத் தமிழில் மூன்றே வார்த்தை தெரியும். வா, போ, கொண்டா. அதில் ஒன்றை எடுத்து, "வா! வா!" என்று குஷியாகக் கையை ஆட்டிக்கொண்டே பறவைகளைப் பார்த்து நடந்தார்.

ஞானதாஸ் போகவில்லை. வேட்டி நனையும்.

பறவைகள் பறக்கவில்லை. துரை பத்து அடி வைத்தால் அவையும் பத்து அடி விலகின, பின்பக்கமாக அல்ல, பக்கவாட்டில், கால்களை மிக உயரத் தூக்கி, மிக மெதுவாக இறக்கி, தூங்குகிற வீட்டில் திருடன் நடப்பதுபோல. அவருடைய முதுகு பனிக்குள் போய்ச் சாம்பல் நிறமாகி, பிறகு ஒரு கறையாகி, பிறகு இல்லாமல் போனது. சளக் சளக் என்ற காலடிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஞானதாஸ் அவற்றைப் பார்த்தான். இடது பக்கத்தில், பனியின் ஓரத்தில், வரிசையாகத் தலைகள். கருத்த, ஈரமான, முகவாய்வரை தண்ணீரில் அமிழ்ந்த தலைகள். ஏழு இருக்கலாம், எட்டு இருக்கலாம். ஒரே சீராக முன்னால் நகர்ந்தன. அப்பாடா என்றிருந்தது. நான் சொன்னதுதானே சரி?

"ஏ பெரிசு! துரை அந்தப் பக்கம் வராரு. கொஞ்சம் பாத்துக்க!"

தலைகள் நகர்ந்துகொண்டே இருந்தன. பல்லில் பறியைக் கடித்திருக்கிறவர்கள் எப்படிப் பதில் சொல்வார்கள்? அவனே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

ஆனால் தண்ணீர் முழங்காலுக்கும் கீழேதான் இருந்தது. துரை இப்போதுதானே நடந்து போனார். அந்த ஆழத்தில் குந்தினால் இடுப்பு நனையும். தோளும் முதுகும் வெளியே தெரியும். முகவாய்வரை எப்படி அமிழ்வது? உடம்பை எங்கே வைத்திருக்கிறார்கள்?

பின்னால் கட்டை முனகியது. சிகாமணி கோலைச் சத்தமில்லாமல் மேலே இழுத்துத் தோணிக்குள் கிடத்திவிட்டு, பலகைமேல் ஏறி, இரண்டு காலையும் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"யார்யா அது?" ஞானதாசின் குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை.

"யாரும் இல்ல."

"இறால் தடவுறவங்கன்னு சொன்னியே!"

"நான் எங்க சொன்னேன்? தடவுறதுங்க இருக்குதுங்கன்னேன். ஜனங்களா இருந்தா இருக்காங்கன்னு சொல்லியிருக்க மாட்டனா?"

"உங்க ஆளுங்க அவங்களையும் அப்படித்தானே சொல்றீங்க!"

சிகாமணி அவனைப் பார்த்தான். பழவேற்காட்டிலேயே அதிக பாஷை தெரிந்த ஆளை அப்படி யாரும் பார்த்ததில்லை. "என் பொஞ்சாதி அந்த இறால் தடவுறவங்க குப்பத்துப் பொண்ணு சாமி. இருசம்மா. இன்னிக்கி வரைக்கும் அவங்க ஆளுங்கள நான் அப்படி ஒரு வார்த்தை பேசினது இல்ல."

பனிக்குள்ளே சளக் சளக் நின்றது.

"துரைகிட்ட நீங்க சொல்லிட்டீங்கன்னு இருந்தேன்," என்றான் சிகாமணி. "சொல்லியும் சிரிச்சிக்கினே எறங்குறாரே, இன்னா தைரியம்டான்னு நெனச்சேன்."

ஞானதாஸ் துரையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். கொஞ்ச நேரம் கழித்து, தூரத்தில், ஒரு சிரிப்பு. கூசுகிறபோது வருமே, அந்தச் சிரிப்பு. அது நின்றது. மறுபடி வந்தது. பிறகு துரை ஏதோ கேட்டார், யாரோ பக்கத்தில் இருப்பதுபோல. குரலில் சிரிப்பு பாதிதான் இருந்தது.

போன ஆள் வராவிட்டால்.

"என்ன செய்யணும்? சொல்லித் தொலை!"

"எங்க நைனா ஒரு தபா மாட்டிக்கினு தப்பிச்சி வந்தாரு. அதுங்களுக்குக் கண்ணு இல்ல. காது இருக்குதோ இன்னாவோ, யாருக்குத் தெரியும். தடவும். தடவுனா நின்னுடணும், அப்படியே, நட்டு வெச்ச கழி கணக்கா. இறால் எப்படி மாட்டுது? கை பட்டதும் துள்ளுதில்ல, அப்பதானே மாட்டுது? துள்ளாத வரைக்கும் கழியோ, கல்லோன்னு விட்டுடும்."

"எவ்ளோ நேரம்?"

"நைனா காத்தால போனவரு. பொழுது சாய வந்தாரு."

ஞானதாஸ் இறங்கினான். தைரியம் அல்ல, பனிக்குள் இருப்பதைவிடக் கோட்டை வாசலில் தன் கழுத்துக்குக் காத்திருப்பது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. சேறு கணுக்கால்வரை இழுத்தது. சத்தம் வராமல் காலைத் தேய்த்துத் தேய்த்து நகர்ந்தான். வாயில் ஜெபம் வரவில்லை, பறங்கிப் பாஷையில் 'அசையாதீர்கள்' என்பதற்கு என்ன வார்த்தை என்று தேடிக்கொண்டிருந்தான். துணி, மிளகு, வெடியுப்பு, சுங்கம், காசு மாற்றும் வட்டம், எல்லாவற்றுக்கும் வார்த்தை இருந்தது. அசையாமல் இருப்பதற்கு வியாபாரத்தில் வார்த்தை தேவைப்பட்டதே இல்லை.

நாற்பது அடி. ஐம்பது. திரும்பிப் பார்த்தான். தோணி இல்லை. பனிதான்.

இடது கெண்டைக்காலில் ஏதோ பட்டது.

நின்றான்.

பாசி. பாசியாக இருக்கலாம். பாசிக்கு விரல் கிடையாது. விரல்கள் குளிர்ந்து, ஊறி, நுனி வழவழவென்று இருந்தன. காலைச் சுற்றின. விட்டன. மேலே ஏறின. துண்டுக்கு அடியில் கைவிட்டு, விரலைப் பிடித்து, வாய் பேசாமல் விலை பேசும் தரகர்கள் நடுவே வளர்ந்தவன் அவன். ஒரு விரலின் அழுத்தத்திலேயே எதிராளியின் அவசரம் தெரிந்துவிடும். இந்தக் கைக்கு அவசரம் இல்லை. இது கேட்டது. முழங்காலின் சில்லைத் தொட்டுக் கேட்டது. பின்பக்கத்து நரம்பைத் தொட்டுக் கேட்டது. ஞானதாஸ் பதில் சொல்லவில்லை. மூச்சை மூக்கின் நுனியிலேயே வைத்திருந்தான்.

பக்கத்தில், கை எட்டும் தூரத்தில், ஒரு தலை தண்ணீர்மட்டத்தில் நின்றது. பார்க்காதே என்று சொல்லிக்கொண்டே பார்த்தான். வாயில் பறி இல்லை. வாய் பிளந்திருந்தது, ஒரு பையைப் போல, தளர்வாக, கீழுதடு தண்ணீருக்கு அடியில். ஏரி அதற்குள் போய் வந்துகொண்டிருந்தது.

கை அவனை விட்டது. தலை நகர்ந்து போனது.

பனி லேசாக விலகியது. இருபது அடியில் துரை நின்றார், முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கையையும் பக்கத்தில் விரித்து, கயிற்றின்மேல் நடப்பவரைப்போல. தாமாகவே அசையாமல் நிற்கக் கற்றுக்கொண்டிருந்தார். புத்திசாலிப் பிள்ளை. அவரைச் சுற்றித் தலைகள் கலைந்து, ஒவ்வொன்றாக விலகிப் போய்க்கொண்டிருந்தன. இன்னும் ஒரே ஒரு தலைதான். அதுவும் விலகும். அது விலகியதும் ஒரு வார்த்தை, மெதுவாக.

அந்த நேரத்தில் அவனுக்கு வார்த்தை கிடைத்துவிட்டது.

கிடைத்த சந்தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது. அது பிறந்ததிலிருந்து அப்படித்தான். "அசையாதீர்கள், துரை!" என்று சரியான பறங்கிப் பாஷையில், ஓர் எழுத்து பிசகாமல் சொன்னான்.

யாகோப் துரை திரும்பினார். தெரிந்த முகம். அவர் முகம் முழுக்க வெளிச்சம் வந்தது. "வா!" என்று ஒரு கையைத் தூக்கி, ஓர் அடி எடுத்து வைத்தார்.

கத்தல் இல்லை. தண்ணீர் தெறிக்கவும் இல்லை. அந்தக் கால் சேற்றைத் தொடுமுன் அவர் உட்கார்ந்தார், நாற்காலி போட்டதுபோல. இடுப்பு. மார்பு. முழங்காலுக்கும் கீழான தண்ணீரில் கழுத்து. தூக்கிய கை கடைசியாகப் போனது. மேலே ஒரு சுழிப்பு. அதுவும் அடங்கியது.

ஞானதாஸ் நின்றான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பனி கிழிந்து, வெயில் தண்ணீர்மேல் விழுந்தது. ஏரி துடைத்த தட்டாக விரிந்தது. தூரத்துக் கரையில் பசியாவரம் ஊரின் கூரைகள் தெரிந்தன. யாரோ ஒருத்தி துணி அடிக்கும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. தோணி நீரோட்டத்தில் தானாகவே விலகிப் போய்க்கொண்டிருந்தது. அதன் பலகைமேல் சிகாமணி முழங்காலுக்குள் முகம் புதைத்திருந்தான். கோலைத் தண்ணீரில் விட அவனால் முடியாது. கூப்பிட ஞானதாசாலும் முடியாது.

தண்ணீர் தெளிந்திருந்தது. அடிச்சேற்றில் தன் இரண்டு பாதங்களும் தெரிந்தன. அவற்றைப் பார்த்து ஒரு கை வந்தது.

வெள்ளைக் கை. மணிக்கட்டுவரை மஞ்சள் ரோமம். வேலைக்குப் புதியது என்று பார்த்ததும் தெரிந்தது. மற்றவைபோல நேராக வரவில்லை, சேற்றைத் தட்டித் தட்டி, ஒரு சிப்பியை எடுத்துப் போட்டுவிட்டு, தடுமாறி வந்தது. பாதத்தின்மேல் ஏறியது. கட்டைவிரலைத் தொட்டது. அடுத்த விரல். அடுத்தது. மிகவும் மென்மையாக. சுண்டுவிரலைக் குழந்தைபோலப் பிடித்துக்கொண்டு, அப்படியே நின்றது.

அசையவில்லை அவன். கண் இமைக்கவில்லை. உச்சிவெயில் இன்னும் வரவில்லை. பொழுது சாய எவ்வளவோ இருந்தது.

நெடுநேரம் நின்ற காலில், முழங்காலுக்குக் கீழே, பின்பக்கம், கெண்டைச் சதை ஒருமுறை, அவனைக் கேட்காமல், இறாலைப்போலத் துள்ளியது.