வெறும் அறையின் சத்தம்

அன்று அறையில் இருந்தவர்கள் நாலே பேர். லேப்டாப்பை மடியில் வைத்துக் கட்டில் ஓரத்தில் ஜெயப்பிரியா. அவள் காலடியில், மைக்கைப் பிடித்தபடி கொழுந்தன் செல்வகணேஷ். வாசல்படியில் அடுத்த வீட்டு மாரிசெல்வி. உத்தரத்தில் தொங்கிய சேலைத் தொட்டிலில் எட்டு மாதப் பாப்பா. தொட்டிலுக்குப் பின்னால் ஜன்னல். அதற்கப்பால் வெடித்துக் கிடந்த கரிசக்காடு. அந்தப் பக்கம் யாரும் உட்காரவில்லை.

எல்லையில் காவல் நிற்கும் அவள் கணவன் சக்திகுமாருக்கு, மகளுக்கு அவள் பாடும் தாலாட்டைப் பதிந்து அனுப்ப வேண்டும். அங்கே போன் எடுக்காது. கடிதத்தோடு மெமரி கார்டுதான் போகும்.

"மொதல்ல வெறும் அறைச் சத்தத்தைப் பதியணும் மதினி. அப்பத்தான் இரைச்சலை நீக்க முடியும். யாரும் மூச்சு விடாதீங்க" என்றான் செல்வகணேஷ்.

"மூச்சு விடலைன்னா ஒங்க அண்ணனுக்குத் தாலாட்டா போவும்? எழவுச் செய்தில்லா போவும்!" மாரிசெல்வி சிரித்துவிட்டுத்தான் அடங்கினாள்.

மறுநாள் அவன் மில்லுக்குப் போனபின், ஜெயப்பிரியா தான் பாடிப் பதிந்த பாட்டைத் தனி ஃபைலாக வெளியே எடுத்தாள். சாஃப்ட்வேரில் சரியாக ஓடியது, செல்போனில் போட்டதும் பாட்டு முடிந்தபிறகும் நிற்காமல் ஓடியது. தீப்பெட்டி ஆபீஸின் மருந்து வாடையும் காய்ந்த மண்ணின் மணமும் தேங்கி நின்ற அந்தச் சாயங்கால வெக்கையில், செல்போனுக்குள் ஈரத்தொண்டை ஒன்று செருமிக்கொண்டது. பிறகு தாலாட்டின் முதல் வரியை, பேச்சு வராத பிள்ளை போலத் தட்டுத்தடுமாறி முனகியது.

செல்வகணேஷுக்குப் போன் போட்டு, பாட்டு முடிந்தும் ஏதோ ஓடுகிறது என்றாள்.

"சாஃப்ட்வேர்ல முடிவுக் கோடு தள்ளி இருக்கும் மதினி. பாட்டு முடியுத எடத்துக்கு இழுத்துட்டு எடுங்க. அப்பவும் வந்தா, ஒங்க குரலை மியூட் பண்ணிப் பாருங்க. என்ன, தொண்டை கட்டியிருக்கு?"

"புழுதி" என்றாள்.

கோட்டை இழுத்து எடுத்தாள். இரண்டாவது வரியும் வந்தது. மியூட் செய்து எடுத்தாள். அவள் குரல் இல்லை. அது மட்டும் பாடியது, சுருதி பிசகாமல். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒன்றுமே இல்லாத வெற்று ஃபைலை எடுத்தாள்.

முழுத் தாலாட்டும் வந்தது. மூன்றாம் வரியில் அவள் குரல் எப்போதும் லேசாக உடையும். அதுவும் உடைந்தது.

எடுக்க எடுக்க அது தேறிக்கொண்டு வந்தது. எடுக்க எடுக்க அவள் தொண்டை கம்மிக்கொண்டு போனது.

லேப்டாப்பை மூடினாள். வயரைப் பிடுங்கினாள். கார்டு வேண்டாம். ஒரு தாளில், 'உடனே கிளம்பி வாங்க. இங்கன பயமா இருக்கு' என்று எழுதி மடித்துக் கவருக்குள் வைத்தாள்.

வாசல் திரைக்கு வெளியே மாரிசெல்வியின் குரல். "ஏட்டி, தபாலாபீசுக்குப் போறேன். கடுதாசி ரெடியா? சீக்கிரம் குடு, பூட்டிருவாவ."

கொடுத்துவிட்டுப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அவளோடேயே போய்விட வேண்டும். கவரின் விளிம்பை நாக்கால் ஈரப்படுத்தினாள். பசையின் கசப்பு. நாக்கு இன்னும் கவரில்தான் இருந்தது.

முதுகுக்குப் பின்னால் அவளுடைய குரலே பாடியது.

திரைக்குள் மாரிசெல்வியின் கை நுழைந்து கவரை வாங்கிக்கொண்டது. "நல்லாத்தாம்ட்டி பாடுத."

அக்கா என்று கத்தினாள். வாயிலிருந்து காற்றுதான் வந்தது. வெறும் காற்று.

"போய்ட்டு வாங்கக்கா" என்றது தொட்டில், அவள் குரலில். "இங்கன எல்லாரும் நல்லாயிருக்கோம்."

"சரிட்டி."

செருப்புச் சத்தம் கடிதத்தோடு தெருமுனை தாண்டியது. தொட்டிலுக்கு வெளியே பாப்பாவின் கால் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளிருந்து ஏதோ அதை மெல்ல, மிக மெல்ல, சேலைக்குள் இழுத்துக்கொண்டது.