நெஞ்சுமதிப்பு நாலு கோடி

யஷ்வந்த் தன் காருக்காக அழக் கற்றுக்கொள்ள டியூஷனில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்று. கோயம்புத்தூரில் தாத்தா தொடங்கிய பம்ப்செட் தொழிற்சாலையை விற்றுச் சாப்பிடுவது தவிர வாழ்க்கையில் அவர் செய்த ஒரே காரியம் அந்தக் காரை மாற்றிக் கட்டியதுதான்.

“ஏனுங்க, அழறதுக்கு டியூஷனா?” என்று கேட்டார் மனைவி தன்யஸ்ரீ.

“உங்க அண்ணன் ரெண்டரைக் கோடி வாங்கியிருக்காரு. நான் சும்மா போய் உட்கார முடியுமா?”

“அண்ணன் தானா அழுதாரு. சின்ன வயசுல ஐஸ் குச்சி உடைஞ்சாலும் அப்படித்தான் அழுவாரு.”

“அதுக்குத்தான் எனக்குப் பயிற்சி வேணும்கறேன்.”

முப்பத்தைந்து ஆண்டுத் திருமணத்தில் இந்த மனிதரைத் திருத்தும் ஆசையைத் தன்யஸ்ரீ எப்போதோ விட்டிருந்தார்.

2074-ஆம் ஆண்டு அது. ஊரில் ஓடியவை எல்லாம் தானூர்திகள். ஏறி உட்கார்ந்து இடத்தைச் சொன்னால் கொண்டுபோய் விடும். கையால் ஓட்டும் பெட்ரோல் வண்டிகளை அரசு தடை செய்திருந்தது. ஆனால் பழைய கார் வைத்திருந்தவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். எங்கள் உயிரையே பிடுங்குகிறீர்கள் என்றார்கள். உண்மையிலேயே உயிர்தானா என்று அளந்து பார்த்துவிடலாம் என்றது நீதிமன்றம். அப்படித்தான் இழப்புமானி வந்தது.

கருவி எளியதுதான். தலையில் ஒரு காட்சிக்கவசம், மணிக்கட்டிலும் விலாவிலும் ஒட்டுத்தகடுகள். கவசத்துக்குள் உங்கள் பொருள் உங்கள் கண்ணெதிரே அழியும். பொய்க்காட்சி என்பது மூளைக்குத் தெரியும், வயிற்றுக்குத் தெரியாது. வயிறும் நரம்பும் எவ்வளவு பதறின என்பதைக் கருவி ரூபாயாக மாற்றிச் சொல்லிவிடும். அந்தத் தொகைக்குப் பெயர் நெஞ்சுமதிப்பு. ஒரு கோடிக்கு மேல் வந்தால் வண்டி சாலையில் ஓடலாம், அதே தொகைக்குக் காப்பீடும் செய்தாக வேண்டும். ஒரு கோடிக்குக் கீழே வந்தால் வண்டி நசுக்குகூடத்துக்குப் போகும்.

காப்பீட்டு நிறுவனங்களுக்கு இது பெரிய நிம்மதி. மாற்றிக் கட்டிய பழைய காருக்கு எவ்வளவு போடுவது என்பது நூறு ஆண்டுகளாகத் தீராத தலைவலி. சொந்தக்காரர் பத்துக் கோடி என்பார், காயலான்கடைக்காரர் நாற்பதாயிரம் என்பார். இருவர் பக்கமும் நியாயம் இருக்கும். இப்போது பேரத்துக்கே இடமில்லை. வலித்த அளவுக்குக் காப்பீடு, அவ்வளவுதான்.

நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? நன்றாக அழக்கூடிய டிரைவரையும் சமையல்காரரையும் தங்களுக்குப் பதிலாகக் கருவியில் உட்காரவைத்தார்கள். இந்தப் பினாமி அழுகையைத் தடுக்கச் சட்டத்தில் பதினான்காம் பிரிவைச் சேர்த்தார்கள். வண்டி யார் பெயரில் இருந்தாலும் சரி, அது அழிந்தால் யாருக்கு அதிகமாக வலிக்கிறதோ அவர்தான் ‘இழப்பவர்’. காப்பீட்டுத் தவணை கட்ட வேண்டியவர் அவர், நஷ்ட ஈடு போவதும் அவருக்கே. வண்டியின் முன்னால் அடிக்கும் பித்தளைத் தகட்டிலும் அவர் பெயரும் தொகையும்தான் பொறிக்கப்படும். டிரைவர்களும் சமையல்காரர்களும் மறுநாளே கருவியை விட்டு ஓடிவிட்டார்கள்.

அந்தப் பித்தளைத் தகடுதான் யஷ்வந்தின் தூக்கத்தைக் கெடுத்தது. சாலையில் பச்சை கான்டெசா போனால் ஜனங்கள் காரைப் பார்ப்பதில்லை. குனிந்து தகட்டைப் பார்ப்பார்கள். “ரெண்டு கோடியே அறுபது லட்சம்! என்ன மனசுய்யா!” என்பார்கள். பச்சை கான்டெசா தன்யஸ்ரீயின் அண்ணன் ருத்ரேஷுடையது.

யஷ்வந்தின் கான்டெசா செம்பு நிறம். ஊரில் மாற்றிக் கட்டிய கான்டெசாக்கள் இந்த இரண்டே இரண்டு. செம்பு வண்டியில் கூரையும் ஹாரனும் மட்டும் பழையவை, மற்றதெல்லாம் மாற்றியாகிவிட்டது. கதவுகள் மேல்நோக்கித் திறக்கும், அதனால் மழை பெய்தால் நேராக மடியில் பெய்யும். பதினெட்டு ஒலிபெருக்கிகள் வைத்த பிறகு பின்னிருக்கையில் காலை நீட்ட இடம் இல்லை. ருத்ரேஷ் சக்கரத்தை மாற்றினால் அடுத்த வாரம் இவர் இரண்டு அங்குலம் பெரிய சக்கரம் போடுவார். தடை வருமுன் ஆண்டுக்கு நாற்பது கிலோமீட்டர் ஓட்டுவார். அதில் பாதி, மச்சான் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பிய தூரம்.

ஆவணியில் மகன் நிஹாலுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பில் செம்பு கான்டெசா முன்னால் போக வேண்டும், அதன் நெற்றியில் நாலு கோடித் தகடு மின்ன வேண்டும், தாய்மாமன் ருத்ரேஷ் அதன் பின்னால் வர வேண்டும். பிள்ளைக்குப் பெண் பார்த்தபோதுகூட அவர் இவ்வளவு யோசித்ததில்லை.

பயிற்சி மையம் காந்திபுரத்தில் மூன்றாம் மாடியில் இருந்தது. முன்பு மருத்துவ நுழைவுத் தேர்வுக்குக் கோச்சிங் நடந்த கட்டடம். நாற்காலிகளும் மாறவில்லை, விளம்பரங்களின் வாசகமும் மாறவில்லை. பயிற்சியாளர் லோகித் வாரத்துக்கு ஒருமுறை மாதிரித் தேர்வு வைத்து, மதிப்பெண் பட்டியலை வாசலில் ஒட்டினார். அறுபது வயதுப் பணக்காரர்கள் அதன் முன் முண்டியடித்துத் தங்கள் பெயரைத் தேடினார்கள். ஒரு பயலுக்கும் வெட்கம் இல்லை.

“சார், ஃபீலிங் எல்லாம் பிராக்டிஸ்தான்,” என்றார் லோகித். “ஒரு நாளைக்கு அஞ்சு தடவை உங்க வண்டி அழியறதைப் பாருங்க. நாப்பது நாள். அப்புறம் மிஷினே பயந்துரும்.”

முதல் நாள் கவசத்துக்குள் செம்பு கான்டெசா தீப்பற்றி எரிந்தபோது யஷ்வந்த் அலறிவிட்டார். நாற்காலியில் இருந்து எழுந்து தண்ணீர், தண்ணீர் என்று கத்தினார். அன்றே உண்மையான கருவியில் உட்கார்ந்திருந்தால் மூன்று கோடியாவது வந்திருக்கும். ஆனால் தேர்வு என்றால் கோச்சிங் போகாமல் எழுதக் கூடாது என்பது நம் ஊரில் பால்குடியில் வந்த நம்பிக்கை. அவர் நாற்பது நாளும் வந்தார்.

இரண்டாம் வாரம் கார் பள்ளத்தில் விழுந்தது, கண்ணீர் வந்தது. மூன்றாம் வாரம் வெள்ளத்தில் போனது. கண்ணீர் வந்தது, கூடவே பசியும் வந்தது. நான்காம் வாரம், லாரி மோதிக் கார் அப்பளமாகிக்கொண்டிருந்தபோது, மண்டபத்துக்கு எத்தனை வாழைமரம் சொல்லலாம் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் மட்டும் குழாய் திறந்ததுபோல் வந்தது. லோகித்தின் கருவி கண்ணீரைத்தான் அளந்தது. அதற்கு மேல் அளக்கும் கருவி வாங்க அவருக்கு மனமில்லை. கடைசி மாதிரித் தேர்வில் யஷ்வந்துக்கு நாலு கோடியே ஐந்து லட்சம், முதலிடம். காந்திபுரத்தில் இருபதடி பேனரில் அவர் அழுதுகொண்டு நின்றார்.

உண்மையான அளவீடு கல்யாணத்துக்கு ஆறு வாரம் முன்பு. மதிப்பீட்டாளர் ஷிஃபானா என்ற இளம்பெண், கருவிப் பெட்டியுடன் வீட்டுக்கே வந்தார். ருத்ரேஷும் வேடிக்கை பார்க்க வந்து சோபாவில் உட்கார்ந்துகொண்டார்.

“சார், ரெண்டு காட்சி வரும்,” என்றார் ஷிஃபானா. “ஒரு கார் நசுங்கினா யாருக்கும் கொஞ்சம் பதறும். அந்தப் பொதுவான பதற்றத்தைக் கழிக்கணும். அதனால முதல்ல இன்னொருத்தர் வண்டியைக் காட்டுவோம், அப்புறம் உங்க வண்டி. ஒரே மாடலா இருக்கணும்னு ரூல். ஊர்ல இன்னொரு கான்டெசா சாரோடதுதான்.” அவர் ருத்ரேஷைக் காட்டினார்.

“நல்லாக் காட்டுங்க கண்ணு,” என்றார் யஷ்வந்த். ருத்ரேஷும் சிரித்தார்.

கவசம் இறங்கியது. வால்பாறைக் கொண்டை ஊசி வளைவில் பச்சை கான்டெசா வழுக்கி, தடுப்பை உடைத்துக்கொண்டு கீழே போனது. யஷ்வந்தின் உதட்டில் புன்னகை வந்தது. தகடு தனியே கழன்று பாறையில் மோதி மறைந்தது. இனி ஊரில் ஒரே கான்டெசா. போட்டி முடிந்தது. நாளைக் காலை வண்டியை எடுத்துக்கொண்டு போய்...

எங்கே போய்? யாருக்குக் காட்ட? அடுத்த சக்கரத்தை யார் பார்த்து வயிறெரிவார்கள்? மேல்நோக்கித் திறக்கும் கதவை யார் வாசலில் திறப்பது? யஷ்வந்துக்கு வயிறு கீழே இறங்கியது. இதற்கு அவர் பயிற்சி எடுத்திருக்கவில்லை. “மச்சான்!” என்று ஒரு சத்தம் வந்தது. அது தன் குரல்தான் என்று அவருக்குத் தெரியவே சிறிது நேரம் ஆனது.

அடுத்து செம்பு கான்டெசா எரிந்தது. கண்ணீர் வழக்கம்போல் வந்தது. நடுவில் அவர் ஒரு கொட்டாவியும் விட்டார்.

ஷிஃபானா எண்களைப் பார்த்தார். கருவியை ஒருமுறை அணைத்து, திரும்பப் போட்டு, மீண்டும் பார்த்தார்.

“சொல்லுங்க கண்ணு. நாலு தாண்டிருச்சா?”

“தாண்டிருச்சு சார். நாலு கோடியே பன்னிரண்டு லட்சம்.”

யஷ்வந்த் எழுந்தே நின்றுவிட்டார். மச்சானைப் பார்த்துக் கையைத் தட்டினார்.

“அது சாரோட பச்சை வண்டிக்கு,” என்றார் ஷிஃபானா. “உங்க வண்டிக்குப் பதினோராயிரம். கழிச்சுப் பார்த்தா மைனஸ்ல போகுது. இதுவரைக்கும் யாருக்கும் மைனஸ் வந்ததில்லை சார்.”

தன்யஸ்ரீ சமையலறைப் பக்கம் போனார். உள்ளே இருந்து வந்தது இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை.

“மிஷின் தப்புங்க! நாப்பது நாள் பிராக்டிஸ் பண்ணிருக்கேன்!”

“அதான் சார். வலிக்கறதுக்கு மிச்சம் ஒண்ணும் இல்லை. மறுபடி அளக்கணும்னா மூணு வருஷம் கழிச்சுத்தான். வண்டி முப்பது நாள்ல நசுக்குகூடத்துக்குப் போகணும். அப்புறம் இன்னொண்ணு...” ஷிஃபானா தயங்கினார். “பதினாலாம் பிரிவு. பச்சை வண்டி போனா அவருக்கு ரெண்டு கோடியே அறுபது வலிக்குது. உங்களுக்கு நாலு கோடியே பன்னிரண்டு. அப்ப இழப்பவர் நீங்கதான். தவணை வருஷத்துக்குப் பன்னிரண்டு லட்சம் சொச்சம்.”

ருத்ரேஷின் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. “அப்ப நான் தவணை கட்ட வேண்டாமா கண்ணு?”

“வேண்டாம் சார்.”

“மாப்ள, உங்க மனசு யாருக்கு வரும்!” என்று அவர் யஷ்வந்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இருபத்தெட்டாம் நாள் செம்பு கான்டெசாவை நசுக்கினார்கள். யஷ்வந்த் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். நூற்றுக்கணக்கான முறை பார்த்த காட்சிதான் என்பதால் ஒன்றும் தோன்றவில்லை. இரண்டடிக் கட்டியாக்கி நினைவுப் பொருள் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். தன்யஸ்ரீ அதன் மேல் ஒரு துண்டை விரித்துக் கல்யாணப் பத்திரிகைக் கட்டுகளை வைத்தார்.

மாப்பிள்ளை அழைப்பில் பச்சை கான்டெசா முன்னால் போனது. நிஹால் மாலையுடன் பின்னால் உட்கார்ந்திருக்க, ருத்ரேஷ் ஓட்டினார். நெற்றியில் புதுத் தகடு. ஜனங்கள் குனிந்து படித்தார்கள்: நெஞ்சுமதிப்பு நாலு கோடியே பன்னிரண்டு லட்சம், இழப்பவர் யஷ்வந்த். பெண் வீட்டார் வந்து கைகுலுக்கினார்கள். மச்சான் கார் மேல் இவ்வளவு பாசமா என்று கண்கலங்கினார்கள். அவர் கேட்ட தகடுதான், கேட்ட தொகைக்கு மேலேயே கிடைத்திருந்தது.

வண்டி ஓரத்தில் ஒரு தானூர்தி உரசுவதுபோல் வந்தது. ஊர்வலத்தில் நடந்துகொண்டிருந்த யஷ்வந்த் பட்டுவேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். “பாத்து, பாத்து! மெதுவாங்க மச்சான்!” விபத்து நடந்தால் நாலு கோடி அவருக்குத்தான் வரும். ஆனால் அதை அவரால் விரும்ப முடியாது என்று ஒரு கருவியே சான்றிதழ் கொடுத்திருந்ததே.

மண்டபத்து வாசலில் ருத்ரேஷ் இறங்கி, சாவியைச் சுழற்றிக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

“உங்க வண்டி போனதுல இருந்து எனக்கும் ஓட்டவே பிடிக்கல மாப்ள. நசுக்கக் குடுத்துட்டு நானும் தானூர்திக்கு மாறிக்கலாம்னு பாக்கறேன்.”

யஷ்வந்தின் முகம் வெளுத்தது. நாதஸ்வரக்காரர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். அவர் மச்சானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இம்முறை கண்ணீர் பயிற்சி இல்லாமலே வந்தது.

“வேண்டாங்க மச்சான். பெட்ரோலும் இனி நானே போட்டுடறேனுங்க.”

ருத்ரேஷ் கொஞ்சம் யோசித்தார். “சக்கரம் நாலும் மாத்தணும் மாப்ள,” என்றார்.

“மாத்திடலாங்க,” என்றார் யஷ்வந்த். “ரெண்டு அங்குலம் பெருசாவே போட்டுடலாம்.”