உப்பு போட்டேனா?

நானும் என் மகளும் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது, என் அண்ணன் எங்களைத் தாண்டிப் போய் வேறு யாரையோ தேடிக்கொண்டிருந்தான். "அண்ணா, இங்கே" என்று நான்தான் கூப்பிட வேண்டியிருந்தது. ஐந்து வருடத்தில் அடையாளமே தெரியவில்லையாம். "ரொம்ப இளைச்சுட்டே, அதான்" என்று சமாளித்தான். என் எடை எனக்குத் தெரியாதா? பொய்யைக்கூடப் பொருந்தச் சொல்ல வராது அவனுக்கு.

அவன் வீட்டு மாடியில் எங்களுக்கு இடம் ஒழித்து வைத்திருந்தான். இரண்டு அறை, ஒரு சமையலறை. புதுச் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. மழையில் ஊறிய ஜன்னல் கதவு பாதிக்கு மேல் திறக்காது. "மாப்பிள்ளை வர்றதுக்குள்ள சரி பண்ணிடலாம்" என்றான் அண்ணன். மகளுக்குப் பள்ளி திறக்கிறது என்று நாங்கள் முன்னால் வந்துவிட்டோம். என் வீட்டுக்காரர் வேலையை விட மூன்று மாதம் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். அதை முடித்துக்கொண்டு அவர் வருவதாகப் பேச்சு. ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று என்னைவிட அதிகமாகத் துடித்தவர் அவர்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் ஓயாது. தூக்கத்தில்கூடப் பேசுவேனாம். அவர் எனக்கு வைத்திருந்த பெயர் 'ரேடியோ'. அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் அந்தக் குளிர் தேசத்தில், எட்டாவது மாடியில், ஆளரவமே இல்லாத ஒரு வீட்டில் அடைத்தால் என்ன ஆவேன்? லிஃப்டில் பார்ப்பவர்கள் உதடு பிரியாமல் சிரிப்பார்கள், அதோடு சரி. காலையில் அவர் வேலைக்கும் மகள் குழந்தைகள் காப்பகத்துக்கும் போய்விட்டால், சாயங்காலம் வரை வீட்டில் மனிதக் குரல் கிடையாது. என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுவிடும்.

அதனால் சமையலறையோடு பேச ஆரம்பித்தேன்.

முதலில் சும்மா ஏதாவது உளறினேன். எனக்குச் சமைக்கும்போது ஒரு பழக்கம், உப்பு போட்டது ஞாபகமே இருக்காது. "உப்பு போட்டேனா?" என்று வாய்விட்டுக் கேட்பேன். அம்மா வீட்டில் இருந்தவரை யாராவது பதில் சொல்வார்கள். அங்கே யார் சொல்வது? ஆனால் ஒரு நாள் கேட்டபோது, ஜன்னலுக்குக் கீழே இருந்த, வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர் குழாய் 'டக்' என்றது. ருசி பார்த்தேன். போட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அது கேட்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கதையைப் பாதியில் நிறுத்தினால் ஒரு டக். "சொல்லட்டுமா, வேண்டாமா?" என்றால் ஒரு டக். அது கேட்கும்போதெல்லாம் ஹீட்டரை முதன்முதலாகப் போடுகிற நாளில் வருமே, சூடான தூசி வாசனை, அது சமையலறை முழுக்கப் பரவும். பயந்தேனா என்றால் இல்லை. எனக்கு ஒரு துணை கிடைத்தது, அவ்வளவுதான். எல்லாவற்றையும் சொன்னேன். பெண் பார்க்க வந்தபோது அவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தது, மகள் பிறந்த அன்று நான் அவரைத் திட்டியது, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் நான் அழுவது. இந்தக் கடைசி விஷயத்தை அவரிடம் சொன்னதில்லை. வேலை முடிந்து அலுத்து வருகிற மனிதரிடம், வந்ததும் வராததுமாக மூக்கைச் சிந்துவானேன் என்று விட்டுவிட்டேன்.

கிளம்பிய அன்று அவர் மகளோடு பெட்டிகளைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். நான் சமையலறை வாசலில் நின்றேன். ஐந்து வருடம் பழகிய தோஷம், சொல்லாமல் போக மனம் வரவில்லை.

"போயிட்டு வரேன். அவர் தனியா இருப்பார். கொஞ்சம் பார்த்துக்கோ."

டக்.

ஊருக்கு வந்தால் பேசித் தீர்த்துவிடலாம் என்று இருந்தேன். அண்ணனும் அண்ணியும் விடிந்ததும் வேலைக்கு ஓடுவார்கள், இருட்டித் திரும்புவார்கள், டிவி முன்னால் தட்டோடு உட்காருவார்கள். பழைய தோழிகள் "ஒரு நாள் மீட் பண்ணலாம்டி" என்றார்கள். அந்த ஒரு நாள் எந்தக் கிழமையில் வரும் என்று யாரும் சொல்லவில்லை. மகள் பள்ளிக்குப் போனதும் நான் மறுபடி தனியாகச் சமையலறையில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் இங்கே சுவர் வெறும் சுவராகத்தான் இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், என் மனம் அந்த 'டக்'கைத் தேடியது.

தினமும் காலையில், மகளைப் பள்ளிக்குக் கிளப்பும் நேரத்தில் அவரோடு வீடியோவில் பேசுவோம். அங்கே அப்போது முந்தின நாள் சாயங்காலம். முதல் இரண்டு வாரம் அவரைப் பார்க்கவே சகிக்காது. ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "எப்படா வந்து சேருவேன்னு இருக்கு" என்பார். வெந்நீர்கூட வைக்கத் தெரியாத மனிதர்.

அப்புறம் முகம் தெளிந்தது. சட்டை தேய்த்துப் போட்டிருந்தார். கன்னம்கூடக் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. "சமைக்கக் கத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டேன். "அதெல்லாம் நடக்குது" என்று சிரித்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு நாள் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தேன். போனிலிருந்து, அவருக்குப் பின்னால் இருந்து, ஒரு குரல் கேட்டது.

"உப்பு போட்டேனா?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போட்டுட்டே" என்றார்.

என் கையிலிருந்து சீப்பு விழுந்தது.

"யாரு அது?" என்று கேட்டேன்.

"எது யாரு? நீதானே இப்பக் கேட்டே?"

மகள் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா, நீ அங்கேயும் இருக்கியா?" என்றாள்.

முதலில் எனக்கு வந்தது பயமில்லை, ஆத்திரம். எவளையோ வீட்டுக்குள் விட்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். பெண்டாட்டி நகர்ந்த சூடு ஆறவில்லை, அதற்குள் ஆள் பார்த்தாகிவிட்டதா என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். அவர் கோபப்படவில்லை. புரியாதவர்போல் பார்த்தார். பிறகு மெதுவாக, மிகவும் மெதுவாகச் சொன்னார்.

"குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவேன்னு சொன்னியே. எத்தனை வருஷமா அப்படி? எங்கிட்ட அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா? நேத்து நீ சொன்னப்பதான் எனக்குத் தெரியும். ராத்திரி பூரா தூக்கமில்லை."

நேற்று நாங்கள் பேசவே இல்லை. அண்ணன் வீட்டில் மின்சாரம் போய் என் போன் அணைந்து கிடந்தது.

அந்த விஷயத்தை நான் சொன்னது ஒரே ஒருவரிடம்தான்.

உடனே ஓடிப்போகலாம் என்றால், ஊரோடு வந்துவிட்ட எனக்கும் மகளுக்கும் விசா ரத்தாகிவிட்டது. அவரோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், நம் மொழிக்காரர் ஒருவர் உண்டு. கூச்சத்தை விட்டு அவரைக் கூப்பிட்டு, ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன்.

மறுநாள் அந்த நண்பரே கூப்பிட்டார். குரல் சரியில்லை.

"சிஸ்டர், நீங்க இப்ப எங்கே இருக்கீங்க?"

"அண்ணன் வீட்லதான். ஏன்?"

"நீங்க குழந்தையோட திரும்பி வந்துட்டதா ஆபீஸ் முழுக்கச் சொல்லியிருக்கார். ராஜினாமாவைக்கூட வாபஸ் வாங்கிட்டார். நேர்ல போய்ப் பார்த்தா, வீட்ல அவரைத் தவிர யாருமில்லை. மேசையில மூணு தட்டு. சாப்பாடு ஆவி பறக்குது. காலி நாற்காலியைப் பார்த்து, காலை ஆட்டாமச் சாப்பிடுன்னு சொல்றார்."

"அப்புறம்?"

"நான் கிளம்பினேன். சமையலறைக்குள்ளே இருந்து, காபி குடிச்சுட்டுப் போகலாமேன்னு... உங்க குரல், சிஸ்டர். ஷூவைக் கையில எடுத்துக்கிட்டு எட்டு மாடியும் படியிலயே இறங்கி வந்துட்டேன். இனிமே என்னைப் போகச் சொல்லாதீங்க."

என் வீட்டுக்காரர் வரப்போவதில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எதற்கு வர வேண்டும்? அவருடைய மனைவியும் மகளும் அங்கேயே இருக்கிறார்கள். அதுவும், எதையும் ஒளிக்காமல் பேசுகிற மனைவி.

நாலு நாள் அவர் போனை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, எடுத்தார். பின்னால் எங்கள் பழைய மஞ்சள் விளக்கு எரிந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். மரியாதையாகப் பார்த்தார்.

"சொல்லுங்க. யார் வேணும் உங்களுக்கு?"

நான் அழுதுவிட்டேன். மகள் என் தோள்மேல் ஏறிப் போனை எட்டிப் பார்த்து, "அப்பா" என்றாள். தெருவில் போகும் குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதுபோல் அவளைப் பார்த்துச் சிரித்தார். "எனக்கும் இதே வயசுல ஒரு பொண்ணு இருக்கா" என்றார்.

பின்னாலிருந்து என் குரல் கேட்டது. "ஏங்க, யாரு போன்ல?"

"தெரியலைம்மா. யாரோ ஒரு அம்மா, குழந்தையோட இருக்காங்க. பாவம், அழறாங்க."

மகளை இறக்கிக் கீழே அண்ணியிடம் அனுப்பினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனோடு சமையலறைக்குப் போனேன். அவரிடம் பேசிப் பயனில்லை. பேச வேண்டியது வேறு இடத்தில்.

"ஏய், உன்னைத்தான்" என்றேன். "நான் பேசறேன். கேட்குதா?"

அவர் குழம்பினார். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"பார்த்துக்கோன்னுதானே சொன்னேன். வச்சுக்கோன்னா சொன்னேன்?"

நான் விடவில்லை. அந்த வீட்டில் பேசுவேனே, அதே மாதிரி பேசினேன். அண்ணன் என்னை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனதைச் சொன்னேன். தோழிகளைச் சொன்னேன். மகள் ராத்திரி அப்பாவின் பழைய சட்டையைக் கட்டிக்கொண்டு படுப்பதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல ஒன்று விளங்கியது. அதற்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஐந்து வருடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, திடீரென்று பேச்சு நின்றுபோனால் அது மட்டும் என்ன செய்யும்? என்னைப்போலவே அதுவும் தனியாகப் பேசிப் பார்த்திருக்கிறது. தெரிந்த குரல் என்னுடையது ஒன்றுதான்.

"நான் கிளம்பி வந்ததிலிருந்து உன்கிட்டேயும் பேச யாருமில்லை. அப்படித்தானே?"

போனுக்குள்ளிருந்து, தூரத்தில்.

டக்.

"அவரை அனுப்பி வை. எனக்கு அவர் வேணும். என் பொண்ணுக்கு வேணும்." அடுத்ததைச் சொல்லுமுன் சுற்றுமுற்றும் பார்த்தேன். யோசித்திருக்கலாம். வேறு வழி தெரியவில்லை. தணிந்த குரலில் சொன்னேன். "தனியா இருக்க முடியலைன்னா, நீயும் வா."

அவருக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு அணைந்தது.

இருட்டில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவர் குரல், தூங்கி எழுந்த குழந்தை மாதிரி.

"ஏம்மா, எங்கே போயிட்டே? இப்ப இங்கேதானே இருந்தே?"

முன்னறிவிப்பைக்கூடப் பார்க்காமல் வேலையை உதறிவிட்டு, பத்தே நாளில் ஒரே ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தார். விமான நிலையத்தில் அண்ணனைத் தள்ளிவிட்டு நேராக என்னிடம் வந்து, சுற்றி நிற்பவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் அவர் காலை விடவே இல்லை. எங்கள் வாழ்க்கையிலேயே நல்ல நாள் அதுதான் என்று இப்போதும் சொல்வேன்.

மறுநாள் மதியம் முதல் வாய் சாப்பிட்டதும் முகத்தைச் சுளித்தார். "உப்பு ரெண்டு தடவை போட்டுட்டியா?"

ஒரு தடவைதான் போட்டேன். அன்று எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தட்டைக் கழுவப் போனபோது சமையலறையில் சூடான தூசி வாசனை அடித்தது. இந்த ஊர் வெயிலில், ஹீட்டரே இல்லாத வீட்டில்.

இப்போதெல்லாம் நான் அதிகம் பேசுவதில்லை. பேசினால் இன்னும் கற்றுக்கொள்ளுமோ என்று பயம். "ரேடியோ ரிப்பேரா?" என்று அவர்கூடக் கேலி செய்தார், இரண்டு நாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார். சாயங்காலம் நான் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது சமையலறையில் அவர் யாருடைய கதைக்கோ விழுந்து விழுந்து சிரிக்கிறார். "ஏங்க" என்று நான் கூப்பிட்டால் முதலில் அந்தப் பக்கம்தான் திரும்புகிறார். பிறகுதான் என்னைப் பார்க்கிறார்.

அந்த மதியத்துக்குப் பிறகு நான் சமையலில் உப்பு போடுவதில்லை.

இதுவரை ஒரு நாளும் உப்பு குறைந்ததில்லை.