நேராகப் போட்ட கோடு

"நாலு மணிக்கு என்னை வேலையை விட்டு அனுப்பப் போறாங்க சார். நான் போடாத கோட்டுக்கு."

வாடகைப் பாய்மரப் படகு கம்பெனியில் பயணத் திட்டம் போடும் பெண் அவள். அவள் அப்பா அங்கேயே படகு கழுவியவர். போன வாரம் அவள் திட்டத்தோடு ஆறு தீவு சுற்றக் கிளம்பிய குடும்பம், நான்காம் நாள் இருட்டிய பிறகும் கரை சேராமல் பாறையில் மோதியது. படகை ஓட்டியவருக்குக் கை முறிந்தது.

துப்பறிவாளர் வரைபடங்களைப் புரட்டினார். மேற்கே போகும் கோடுகள் எல்லாம் ரம்பப் பல் மாதிரி இருந்தன. நான்காம் நாள் கோடு மட்டும் நேராக, ஓரத்தில் 'இரண்டு மணி நேரம்' என்ற குறிப்போடு.

"காத்து?"

"மாசம் பூரா மேற்குக் காத்து. அந்தக் குடும்பம் எஞ்சின் சத்தமே வேண்டாம்னு எழுதிக் குடுத்தவங்க."

முதலாளி அறையில் வரைபட அலமாரிச் சாவி வைத்திருந்த மூவரும் நின்றார்கள்: பாய் தைப்பவர், படகை ஒப்படைப்பவர், முதலாளியின் மாப்பிள்ளை.

"பாய் தைக்கிறவர்தான் அத்தான். முழியே சரியில்ல," என்று கிசுகிசுத்தாள் துப்பறிவாளரோடு வந்த அவர் மச்சினி.

"அவர் முழி பொறந்ததுலேருந்தே அப்படித்தாம்மா. சும்மா இரு."

மூவரிடமும் தாளைக் கொடுத்தார். "மேற்குக் காத்து. மேற்கே ஒரு தீவு. பாய்மரத்துல போக வழி போடுங்க."

இருவர் ரம்பப் பல் போட்டார்கள். மாப்பிள்ளை ஸ்கேல் வைத்து ஒரே கோடு இழுத்தார்.

"எதிர்காத்துல பாய்மரம் நேராப் போகாது சார். மாறி மாறிச் சாய்ஞ்சுதான் ஏறணும். அஞ்சு மணி நேரமாவது ஆகும். அது தெரியாதவர் இங்கே நீங்க ஒருத்தர்தான்."

மாப்பிள்ளை ஸ்கேலைப் பார்த்தார். "குளிக்க இன்னொரு தீவு வேணும்னு கேட்டாங்க. நேரம் இடிச்சுது. அதான், பழசை அழிச்சுட்டு..."

"தெரிஞ்சது நல்லதாப் போச்சு," என்றார் முதலாளி. "ஆனா வீட்டு மாப்பிள்ளையை எங்க அனுப்பறது?"

"அத்தான், ஏதாவது சொல்லுங்க."

துப்பறிவாளர் வரைபடங்களை அடுக்கி வைத்தார். கண்டுபிடிப்பது மட்டும்தான் அவர் வேலை. அது முடிந்திருந்தது.

முதலாளி, கதவோரம் நின்ற அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "நாலு மணிக்கு நீ கிளம்பறதுக்கு முன்னாடி அந்தக் கோணல் கோட்டை மாப்பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்துடும்மா. திங்கக்கிழமை அடுத்த குடும்பம் கிளம்புது."

அவளுடைய அனுபவச் சான்றிதழ் கையெழுத்தில்லாமல் அவர் முழங்கைக்கு அடியில் கிடந்தது.

அவள் பென்சிலை எடுத்தாள்.

"மொதல்ல காத்து எங்கேருந்து வருதுன்னு பாருங்க சார்," என்றாள்.